ஸ்பானிய மொழியில் ‘இரோனீயா’: பொருளறிந்து பயன்படுத்தும் முறை

ஸ்பானிய மொழிக் கதைகளிலும் செய்திகளிலும், ஒருவர் பேசியதை எடுத்துச் சொல்லும் இடத்தில் ‘கோன் இரோனீயா’ என்னும் இரு சொற்கள் அடிக்கடி வரும். அம்மொழியைப் புதிதாகக் கற்கும் தமிழர் அகராதியைப் பார்த்து, ‘முரண்நகை’ என்னும் பொருளைக் கண்டு, “அவள் முரண்நகையோடு பதில் சொன்னாள்” என்று எழுதிவிடுகிறார். தமிழில் யாரும் முரண்நகையோடு பேசுவதில்லை. குத்தலாகப் பேசுகிறோம், எள்ளலாகப் பேசுகிறோம், பொடி வைத்துப் பேசுகிறோம். முரண்நகை என்பது இலக்கியத் திறனாய்வுக்காக ஆக்கிக்கொண்ட சொல். கட்டுரையில் அது நன்றாகவே பொருந்தும். இரோனீயாவோ ஸ்பானியர் வீட்டிலும் தெருவிலும் நாள்தோறும் புழங்கும் சொல். அதனால் ஒரு தமிழ்ச் சொல்லை அதன் மேல் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், அது எங்கே எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்துப் பழகுவதே சரியான வழி.

மாட்ரிட் நகரில் 1713-இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச அகாதெமி, தன் அகராதியில் இச்சொல்லுக்குத் தரும் முதற்பொருள் ‘பூர்லா ஃபீனா இ திஸிமுலாதா’ என்பதாகும். நுட்பமான, மறைத்து வைத்த கேலி என்று அதைத் தமிழில் சொல்லலாம். கேலி தொனிக்கும் குரலும், சொன்னதற்கு மாறான அல்லது வேறான ஒன்றை உணர்த்தும் கூற்றும் அதையடுத்த பொருள்களாக வருகின்றன. இம்மூன்றிலும் பேசுபவர் ஒருவர் இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். நிகழ்ச்சி ஒன்று எதிர்பாராத விதமாகத் திரும்பிவிட்டது என்பது இச்சொல்லின் அடிப்படைப் பொருள் அன்று. ஒருவர் ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துகிறார் என்பதே அடிப்படை. ஆகவே இச்சொல்லைப் படிக்கும்போதும் எழுதும்போதும், “இங்கே கேலி செய்வது யார்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். மனிதர் ஒருவர் என்றால் ஒரு வகைத் தொடர். விதி என்றால் வேறு வகை. ஒருவரும் இல்லை என்றால் இச்சொல்லே வேண்டியதில்லை.

சொல்லின் வேரும் இதையே காட்டுகிறது. பண்டைக் கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் ‘எய்ரோன்’ என்னும் பாத்திரம் உண்டு. தனக்குத் தெரிந்ததை மறைத்து, ஒன்றும் அறியாதவனைப்போல் நடித்து, பெருமை பேசுபவனை வீழ்த்துவது அதன் இயல்பு. அந்தப் பாசாங்கைக் குறித்த கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக ஸ்பானியத்துக்கு வந்தது. தெரியாதவர்போல் கேள்வி கேட்டு எதிராளியைத் திணறவைத்த சாக்ரட்டீசின் முறையை ஸ்பானியர் இன்றும் ‘இரோனீயா ஸோக்ராத்திக்கா’ என்கிறார்கள்.

ஒலிப்பும் எழுத்தும்

சொல்லுக்கு நான்கு அசைகள்: இ, ரோ, னீ, ஆ. அழுத்தம் மூன்றாம் அசையில் விழும். ஆங்கிலம் பழகிய நாக்கு ‘ஐ’ என்று தொடங்க முற்படும். அதைத் தடுத்து, தமிழ் இகரத்திலேயே தொடங்க வேண்டும். நடுவில் வரும் மெய், நாக்கு ஒருமுறை மட்டும் தட்டி விலகும் ஒலியாகும். நம் இடையின ரகரம் அதற்கு மிகவும் அணுக்கமானது. அதை அழுத்தி உருட்டிவிடக் கூடாது, ஏனெனில் ஸ்பானியத்தில் உருளும் ஒலி வேறு எழுத்து. ரகர றகர வேறுபாட்டை எழுத்திலேயே வைத்திருக்கும் மொழியைப் பேசுகிறவர்களுக்கு இது எளிதாகவே கைகூடும்.

கடைசி இரு உயிர்களில்தான் நம் பழக்கம் குறுக்கிடுகிறது. ஈகாரத்தை அடுத்து ஓர் உயிர் வந்தால் இடையே யகர உடம்படுமெய் தோன்றுவது தமிழ் இயல்பு. இக்கட்டுரையிலும் ‘இரோனீயா’ என்றே எழுதியிருக்கிறேன். பேசும்போது அந்த யகரத்தை அழுத்தாமல், ஈகாரத்திலிருந்து ஆகாரத்துக்கு நேரே வழுக்கிச் செல்ல வேண்டும். இரண்டு உயிர்களும் தனித்தனியாக நிற்பதைக் காட்டவே, ஸ்பானிய எழுத்தில் இகரத்தின் மேல் ‘தீல்தே’ என்னும் சாய்கோடு இடப்படுகிறது. அக்கோட்டை விட்டுவிட்டால் எழுத்துமுறைப்படி அழுத்தம் முன்னே நகர்ந்து, சொல் மூன்று அசையாகச் சுருங்கிவிடும். ஆகவே அது எழுத்துப்பிழையாகவே கொள்ளப்படும். கைபேசி விசைப்பலகையில் அந்த எழுத்தின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் சாய்கோட்டுடன் கூடிய வடிவம் தோன்றும்.

இது பெண்பாற் சொல்: ‘லா இரோனீயா’, பன்மையில் ‘லாஸ் இரோனீயாஸ்’. பண்பு கூறும் சொல் ஆண்பாலில் ‘இரோனிக்கோ’, பெண்பாலில் ‘இரோனிக்கா’. இவற்றில் அழுத்தம் ‘ரோ’வுக்கு மாறுவதால் சாய்கோடும் அங்கே நகர்கிறது. ‘இரோனிக்காமென்த்தே’ என்னும் வினையடையிலும் அது அங்கேயே நிற்கும். ‘இரோனிஸார்’ என்னும் வினைச்சொல்லுக்கும், இவ்வகைப் பேச்சில் தேர்ந்தவரைக் குறிக்கும் ‘இரோனிஸ்தா’வுக்கும் சாய்கோடு இல்லை.

பேசுபவர் மனிதர் என்றால்

இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த நண்பரைப் பார்த்து ஒருவர் “¡கே புன்த்துவால்!” என்கிறார். ‘எவ்வளவு நேரம் தவறாதவர்!’ என்பது சொற்பொருள். இதை எழுத்தில் பதிவுசெய்யும் ஸ்பானியர், அவர் ‘கோன் இரோனீயா’ சொன்னார் என்றோ, ‘என் தோனோ இரோனிக்கோ’, அதாவது எள்ளல் தொனியில் சொன்னார் என்றோ எழுதுவார். தமிழில் குத்தலாக, எள்ளலாக, பொடி வைத்து என்பவற்றுள் இடத்துக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். குரல் மென்மையாக இருந்தால் பொடி வைத்து என்பதே என் முதல் தேர்வு, ஏனெனில் மறைத்து வைப்பது என்னும் கருத்து அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது.

நம் அணியிலக்கணத்தில் இதற்கு நெருங்கிய உறவினர் வஞ்சப்புகழ்ச்சி. கயவர்கள் தாம் விரும்பியதையெல்லாம் செய்து ஒழுகுவதால் தேவரைப் போன்றவர்கள் என்னும் குறளை இரோனீயாவுக்கு எடுத்துக்காட்டாக எந்த ஸ்பானிய ஆசிரியரும் ஏற்பார். எனினும் வஞ்சப்புகழ்ச்சிக்குப் புகழோ பழியோ வேண்டும். இரோனீயாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அறிந்தே கேட்கும் கேள்வி, வேண்டுமென்றே குறைத்துச் சொல்லும் கூற்று, அளவுக்கு மீறிய பணிவு ஆகிய எல்லாமே அதில் அடங்கும்.

‘இரோனிக்கோ’ என்பதை ஒருவருக்குச் சேர்த்துச் சொல்லும்போது, ஸ்பானியத்தின் ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்னும் இரு வினைகளில் எது வேண்டும் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். ‘எஸ் முய் இரோனிக்கோ’ என்றால் அவர் இயல்பாகவே எள்ளலாகப் பேசுபவர். ‘ஓய் எஸ்தாஸ் இரோனிக்கோ’ என்றால் இன்று மட்டும் குத்தலாகப் பேசுகிறாய் என்று பொருள். முன்னது குணம், பின்னது அன்றைய மனநிலை. பெண்ணைப் பற்றிப் பேசினால் இரண்டிலும் ‘இரோனிக்கா’ வரவேண்டும்.

‘இரோனிஸார்’ என்னும் வினை ‘ஸோப்ரே’ என்னும் முன்னிடைச்சொல்லோடு வரும். ஒன்றைப் பற்றி எள்ளலாகப் பேசுவது என்பது பொருள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் இதன் ஸகரத்தை நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஒலிப்பார்கள். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியத்தில் அது வெறும் ஸகரம்தான். இறந்தகாலத் தன்மையில் ‘இரோனிஸே’ என்று வரும்போது எழுத்தும் மாறும்: எகரத்துக்கு முன் ஸ்பானிய அகரவரிசையின் கடைசி எழுத்து நிற்காமல், அதன் மூன்றாம் எழுத்து அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். செய்தித்தாள்களில் அரசியல்வாதி ஒருவரின் மேற்கோளை அடுத்து ‘இரோனிஸோ’ என்று மட்டும் முடிப்பதுண்டு. அதை ‘என்று குத்தலாகச் சொன்னார்’ என மொழிபெயர்த்தால் போதும்.

பன்மையாகிய ‘இரோனீயாஸ்’ இங்கே குத்தல் பேச்சுகளைக் குறிக்கும். ‘தேஹாத்தே தே இரோனீயாஸ்’ என்றால் ‘குத்தலாகப் பேசுவதை விடு’ என்று பொருள். இதை நெருங்கியவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். ‘நீங்கள்’ என்று சொல்ல வேண்டியவரிடம் ‘தேஹேஸே’ என்று வினை மாறும். அப்படி மாற்றினாலும் கண்டிப்பு குறையாது என்பதால், பெரியவர்களிடம் இதைத் தவிர்ப்பதே நல்லது.

பேசுவது விதி என்றால்

தீயணைப்பு நிலையமே தீப்பற்றி எரிந்தது. இதில் யாரும் எதையும் பொடி வைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஸ்பானியர் இதை ‘இரோனீயா தெல் தெஸ்தீனோ’ என்பார்; தெஸ்தீனோ என்பது விதி. ‘இரோனீயாஸ் தே லா வீதா’, அதாவது வாழ்க்கையின் எள்ளல்கள் என்னும் தொடரும் இதே இடத்தில் வரும்; இதில் பன்மையே வழக்கு. நாம் ‘விதியின் விளையாட்டு’ என்று சொல்லும் இடமெல்லாம் ஏறத்தாழ இத்தொடர்களுக்கு உரிய இடம்தான். மூல அர்த்தமான கேலி இங்கே மறைந்துவிடவில்லை. மனிதர் இருந்த இடத்தில் விதியை உட்காரவைத்து, அதற்கு ஒரு குரல் கொடுத்து, அது நம்மைப் பார்த்து நகைக்கிறது என்று மொழி கற்பனை செய்கிறது. இந்த அமைப்பு புரிந்துவிட்டால் தொடர்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

இதற்கு அழகான சான்றாக எனக்குத் தோன்றுவது அர்ஜென்டின எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் இச்சொல்லைக் கையாண்ட விதம். 1955-இல் அவர் புவெனோஸ் ஐரெஸ் நகரில் உள்ள அர்ஜென்டினாவின் தேசிய நூலகத்துக்கு இயக்குநரானார். அந்நேரத்தில் நூல்களைப் படிக்க இயலாத அளவுக்கு அவர் பார்வையை இழந்திருந்தார். கொடைகளைப் பற்றிய தம் கவிதையொன்றில், நூல்களையும் இருளையும் ஒரே நேரத்தில் தமக்கு அளித்த இறைவனின் செயலை ‘மாக்னீஃபிக்கா இரோனீயா’, மகத்தான எள்ளல், என்று அவர் குறிப்பிடுகிறார். நிகழ்ச்சியின் முரணை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அதைச் செய்தவர் ஒருவரை முன்னிறுத்தி, அந்த எள்ளலின் கைத்திறனை வியக்கவும் செய்கிறார். ‘முரண்நகை’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் அந்த வியப்பு கைநழுவிவிடும் என்பது என் கருத்து.

விதியைப் பெயர் சொல்லாமலே இப்பொருளைத் தரும் மூன்று வழிகள் உண்டு. முதலாவது “¡கே இரோனீயா!” என்னும் வியப்புத் தொடர், எழுதும்போது தலைகீழ் வியப்புக்குறி முன்னால் வரவேண்டும். இரண்டாவது ‘லோ இரோனிக்கோ எஸ் கே...’ என்பது, ‘இதில் வேடிக்கை என்னவென்றால்’ என்று நாம் தொடங்குவதற்கு இது இணை. இதற்குப் பின் ஒரு செய்தியைத் தெரிவிக்கும்போது வழக்கமான வினைவடிவமே வரும்: ‘லோ இரோனிக்கோ எஸ் கே எல் மேதிக்கோ ஃபூமா’, வேடிக்கை என்னவென்றால் அந்த மருத்துவர் புகைபிடிக்கிறார். மூன்றாவது ‘எஸ் இரோனிக்கோ கே...’ என்பது. இங்கே செய்தி முன்பே தெரிந்ததாகக் கொள்ளப்பட்டு, அதைப் பற்றிய மதிப்பீடுதான் முன்னால் நிற்கிறது. அதனால் ஸ்பானிய இலக்கணம் ‘ஸுப்ஹுன்த்தீவோ’ என்றழைக்கும் வினைவடிவம் வேண்டும்: ‘எஸ் இரோனிக்கோ கே உன் மேதிக்கோ ஃபூமே’. ஃபூமா, ஃபூமே என்னும் ஓர் உயிரின் வேறுபாடுதான். ஆனால் அதைத் தவறவிட்டால் கேட்பவருக்கு உடனே உறுத்தும்.

‘இரோனிக்காமென்த்தே’ என்னும் வினையடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. ஆங்கிலப் பழக்கத்தில் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே அதை வைத்து, ‘விந்தை என்னவென்றால்’ என்னும் பொருளில் எழுதத் தோன்றும். ஸ்பானிய இதழ்களிலும் அப்படி எழுதுவோர் உண்டு. ஆனால் அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘எள்ளல் தொனியில்’ என்பதுதான். ‘அமைச்சர் இரோனிக்காமென்த்தே பதிலளித்தார்’ என்றால் அவர் குத்தலாகப் பதிலளித்தார் என்றே முதலில் புரியும். நிகழ்ச்சியின் முரணைச் சொல்ல ‘பாரதோஹிக்காமென்த்தே’ என்னும் சொல் கைவசம் இருக்கும்போது, கற்பவர் அதையே பயன்படுத்துவது ஐயத்துக்கு இடமில்லாமல் செய்யும்.

கேலி செய்ய யாருமே இல்லாத நிகழ்ச்சிகளும் உண்டு. நெடுநாள் பிரிந்திருந்த இரு நண்பர்கள் ஒரே ரயில் பெட்டியில் ஏறினால் அது ‘காஸுவாலிதாத்’, வெறும் தற்செயல். சிக்கனமாக இருக்கச் செய்த ஏற்பாடே செலவைக் கூட்டினால் அது ‘பாரதோஹா’, முரண். இவற்றை இரோனீயா என்று அழைத்தால் சொல் நீர்த்துப் போகிறது.

அண்டைச் சொற்கள்

இரோனீயாவை அடுத்து நிற்கும் சொற்களுள் ‘ஸார்காஸ்மோ’தான் மிகவும் குழப்பம் தருவது. சதையைக் கிழிப்பது என்னும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த இச்சொல், புண்படுத்தும் நோக்கமுள்ள கொடிய கேலியைக் குறிக்கும். இரோனீயாவில் அன்பும் இருக்கலாம், தன்னைத்தானே எள்ளிக்கொள்வதும் இருக்கலாம். ஸார்காஸ்மோவில் கேட்பவருக்கு வலிக்க வேண்டும் என்னும் எண்ணம் வெளிப்படை. ‘ஃபீனா’, நுட்பமான, என்னும் அடைமொழி இரோனீயாவுக்கு மிக இயல்பாகப் பொருந்துவதும், ஸார்காஸ்மோவோடு அவ்வளவாகச் சேராததும் இதனால்தான்.

‘ஸோர்னா’ என்பது நிதானமாக, அவசரமில்லாமல் வெளிப்படும் கேலித் தொனி. ‘ரெத்தின்த்தீன்’ என்பது மணியடித்து ஓய்ந்த பின் காதில் எஞ்சும் ரீங்காரம். ஒரு சொல்லை மட்டும் அழுத்தி, கேட்டவர் மனத்தில் அது தைத்து நிற்குமாறு சொல்வதற்கும் அதே பெயர். இவ்வளவு பொருத்தமான உருவகம் ஒரு சாதாரணப் பேச்சுச் சொல்லுக்குள் அடங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஸ்பெயினின் தெற்கே ஆண்டலூசியாவோடு சேர்த்துப் பேசப்படும் ‘குவாஸா’வும், வடமேற்கே கலீசியாவின் இயல்பாகச் சொல்லப்படும் ‘ரெத்ரான்க்கா’வும் இதே குடும்பத்தவை. இவற்றைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும்; கற்கும் நிலையில் எடுத்தாள வேண்டியதில்லை.

பெயர் சொல்லாமல் வரும்போது

இரோனீயா என்னும் சொல்லைவிட, அப்பெயர் சொல்லாமலே வரும் எள்ளலைத் தெரிந்துகொள்வதுதான் கடினம். ஸ்பானியத்தில் சில அடைமொழிகள் எள்ளலாலேயே பொருள் திரிந்து நிலைத்துவிட்டன. ‘மெனூதோ’ என்றால் சிறிய. ஆனால் ‘மெனூதோ புரோப்ளேமா’ என்றால் பெரிய சிக்கல், ‘¡மெனூதோ அமீகோ!’ என்றால் ‘நல்ல நண்பன்தான் போ!’ ‘திச்சோஸோ’ என்றால் மகிழ்ச்சி வாய்ந்த. ‘எல் திச்சோஸோ தெலேஃபோனோ’ என்றாலோ எரிச்சலூட்டும் அந்தத் தொலைபேசி. ‘பாலியென்த்தே’, துணிவுள்ள, என்பதும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து வியப்புக்குறி ஏற்றால் இகழ்ச்சியாகிவிடும். மூன்றிலும் அடைமொழி முன்னால் வருவதுதான் அடையாளம். ஸ்பானியத்தில் அடைமொழி பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வருவதால் இந்த இடமாற்றம் காதுக்கு உடனே தெரியும்.

‘ஆ புவேனாஸ் ஓராஸ்’, நல்ல வேளையில், என்னும் தொடர் காலம் கடந்து வந்த உதவியைக் குறிக்கும். “நல்ல வேளை பார்த்து வந்தாய்!” என்று நாமும் இதே தொனியில் சொல்கிறோம். அதன் முழு வடிவத்தில் ‘மாங்காஸ் வெர்தேஸ்’, பச்சைச் சட்டைக்கைகள், என்னும் சொற்கள் சேரும். ஸ்பெயினை ஆண்ட அரசி இஸபெலும் அவர் கணவர் ஃபெர்னான்தோவும் 1476-இல் அமைத்த ‘ஸான்த்தா எர்மான்தாத்’ காவற்படையினர் பச்சைக் கை வைத்த உடை அணிந்திருந்தனர் என்றும், குற்றம் நடந்து முடிந்த பின்பே வந்து சேர்வர் என்றும் சொல்லி, தொடருக்கு விளக்கம் தருவது வழக்கம்.

எழுத்தில் குரல் கேட்காது என்பதால் வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். ஒரே ஒரு சொல்லை மட்டும் மேற்கோள் குறிக்குள் அடைத்திருந்தால், எழுதியவர் அச்சொல்லை நம்பவில்லை என்று பொருள் கொள்ளலாம். சொல்லுக்குப் பின் அடைப்புக்குள் வியப்புக்குறியோ வினாக்குறியோ தனியாக நின்றால், அது வியப்போடும் ஐயத்தோடும் கலந்த எள்ளலுக்கான குறி. நேரில் பேசும்போது, சொல்லுக்கும் சூழலுக்கும் பொருத்தமில்லை என்று தோன்றும் இடத்தில் ஒரு கணம் நிதானித்து, அப்போதும் புரியாவிட்டால் கேட்டுவிட வேண்டும். ‘¿லோ தீஸெஸ் என் ஸேரியோ?’, உண்மையாகத்தான் சொல்கிறாயா, என்பது நெருங்கியவரிடம், மரியாதைக்குரியவரிடம் ‘தீஸே’. பிற்பாடு தெரியவந்தால் ‘நோ காப்தே லா இரோனீயா’, எள்ளல் எனக்குப் பிடிபடவில்லை, என்று சொல்லலாம். ஸ்பெயினில் நண்பர்களிடையே ‘காப்தே’க்குப் பதில் ‘பியே’ என்பார்கள். இப்படி ஒப்புக்கொள்வதில் எந்த இழிவும் இல்லை. தம் தாய்மொழியிலேயே எள்ளலைத் தவறவிடுபவர் உண்டு.

நீங்களே எள்ளலாகப் பேச விரும்பினால், முதலில் உங்களைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் பேசிப் பழகுங்கள். கொட்டும் மழையில் “¡கே புவென் தியா!”, எவ்வளவு நல்ல நாள், என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவரின் வேலையையோ குடும்பத்தையோ தொடும் எள்ளலுக்கு, அவர் எதற்குச் சிரிப்பார் என்பது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அயல் உச்சரிப்போடு பேசுபவரின் சொற்களைக் கேட்பவர்கள் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ள முனைவதால், உங்கள் எள்ளல் வாழ்த்தாகவோ வசையாகவோ போய்ச் சேரக்கூடும். அப்படி நேர்ந்தால் நீண்ட விளக்கம் தரத் தேவையில்லை. ‘லோ தெஸீயா கோன் இரோனீயா’, நான் எள்ளலாகத்தான் சொன்னேன், என்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். மாறாக, உங்கள் உண்மையான பாராட்டை எள்ளல் என்று ஒருவர் ஐயுற்றால், ‘லோ திகோ ஸின் இரோனீயா’, குத்தல் ஏதுமின்றிச் சொல்கிறேன், என்று சொல்லி அதே பாராட்டை இன்னொருமுறை சொல்லுங்கள்.